சவுக்காரப் பல்

அந்த வருஷக் கோடையில் வெள்ளைத்துரை வீட்டில் சவுக்காரம் கரைந்த மாதிரி எந்த வருஷமும் கரைந்தது கிடையாது. துணி துவைத்துக் கரைந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். துவைக்கத் தண்ணீர் எங்கே இருந்தது? மாம்பலத்துக் குழாய்களெல்லாம் காற்றைத்தான் விட்டுக்கொண்டிருந்தன. லாரி வந்தால் குடம், வராவிட்டால் வசவு. சவுக்காரம் கரைந்தது பல் செய்து.

வெள்ளைத்துரையின் மகள் சுந்தரவல்லி பார் சோப்பைத் துண்டு போட்டு, சின்னக் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு, கடைவாய்ப் பல், கோரைப் பல், முன்பல் என்று செதுக்கி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தாள். பார்க்கிறவனுக்கு யாரோ ஒரு அரக்கன் வாயைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறான் என்று தோன்றும். சீவி விழுந்த தூளை அவள் அம்மா பேச்சியம்மாள் சிரட்டையில் வழித்து, ஊறவைத்து, வெள்ளைத்துரையின் வேட்டியை அதில் அலசுவாள்.

"பல்லுப் பொடியில துவைச்ச வேட்டியக் கட்டிக்கிட்டுக் கடைக்குப் போறவன் இந்த மெட்ராஸ்லயே நான் ஒருத்தந்தான்" என்பார் வெள்ளைத்துரை. சிரிக்கமாட்டார். அவர் சொல்கிற எதற்கும் அவர் சிரிப்பதில்லை.

உஸ்மான் ரோட்டில் அவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வெறுங்கையோடு வந்தவர் என்று சொல்லிக்கொள்வார். வெறுங்கையோடு வந்தேன் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே வெறுங்கையோடு வந்தார்களோ தெரியாது. வீடு கடைக்குப் பின்னால் ஒரு சந்தில். கல்யாணச் சீருக்கு வாங்குகிற பாத்திரங்கள் பேர் வெட்டுவதற்காக வீட்டுக்கு வரும். குடத்தின் கழுத்தில், தட்டின் விளிம்பில், பெண்ணின் பேரும் தேதியும் சின்ன உளியால் தட்டித் தட்டிப் பதிக்கவேண்டும். அதைச் செய்கிறவள் சுந்தரவல்லி. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிருந்தே செய்கிறாள். அவள் வெட்டின எழுத்து முத்து முத்தாக இருக்கும். பேர் வெட்ட ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கிற வேலை வெள்ளைத்துரைக்கு மிச்சம்.

ஒரே ஒரு நிபந்தனை. அவள் அதைப் பின்கட்டில்தான் செய்யவேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு. ஏனென்றால் சுந்தரவல்லிக்கு வேலை ஓடுகிற கை இடது கை. கல்யாணப் பெண்ணின் பேரைப் பீச்சாங்கைக்காரி வெட்டினாள் என்று தெரிந்தால் அந்தக் குடத்தை எவனும் வாங்கமாட்டான்.

சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் அவளுக்கு வலது கைதான். அது தானாக வந்ததில்லை. பேச்சியம்மாள் கொண்டுவந்தது. பிள்ளை சோற்றில் இடது கையை வைத்த வயசிலிருந்து அந்தக் கையைச் சேலைத் துணியால் முதுகோடு கட்டிவிட்டுத்தான் சாப்பாடு போடுவாள். விரலில் மிளகாயை அரைத்துத் தடவியிருக்கிறாள். பிள்ளை அழும், சாப்பிடும். ஊரார் கண்ணுக்குத் தெரிகிற காரியம் அத்தனையும் வலது கைக்கு மாறியது. நுணுக்கமான வேலை மட்டும் மாறவில்லை. ஊசியில் நூல் கோப்பது, உளி பிடிப்பது, இப்போது இந்தப் பல்.

பல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் மந்தைவெளி நீரஜா. கூடப் படித்தவள், பல் டாக்டர் ஸ்ரீனிவாசராகவனின் பெண். பக்கத்து மாநிலத்தில் கடலோரம் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி, அதற்கு ஒரு நுழைவுப் பரீட்சை வைக்கிறார்கள் என்று அவள்தான் வந்து சொன்னாள். பி.யூ.சி. மார்க்கைப் பார்க்கமாட்டார்களாம். எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாலும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம். காலையில் பென்சிலால் கட்டத்தில் குறி போடுகிற பரீட்சை. மத்தியானம் கைவேலைப் பரீட்சை: ஒரு சுண்ணக் கட்டியும் கத்தியும் கொடுத்துப் படத்தில் இருக்கிற பல்லை அதே அளவில் செதுக்கச் சொல்வார்கள். சிபாரிசு செல்லாது என்று அச்சடித்தே அனுப்பியிருந்தார்கள்.

"சிபாரிசு செல்லாதுன்னு ஒருத்தன் அச்சடிக்கான்னா, சிபாரிசு நெறைய வருதுன்னு அர்த்தம்" என்றார் வெள்ளைத்துரை.

அப்படிச் சொன்னவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்றால், இவளுக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்ற நம்பிக்கைதான்.

"ஒரே தடவை எழுதட்டும். கெடச்சா அனுப்பி வைக்கேன். கெடைக்காட்டி கருணாகரன். அதுக்குப் பொறவு ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாது."

கருணாகரன் அதே தெருவில் பெரிய ஜவுளிக்கடைக்காரரின் மூத்த மகன். முப்பதைத் தாண்டியவன். முதல் பெண்டாட்டி அவர்கள் ஊர்க் கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்று சொன்னார்கள். சாவுக்குப் போனபோது அந்தக் கிணற்றைப் பேச்சியம்மாள் பார்த்திருக்கிறாள். கைப்பிடிச் சுவர் அவள் இடுப்புக்கு மேலே நிற்கும். அதில் தவறி விழவேண்டுமென்றால் முதலில் ஏறவேண்டும்.

அதனால் சுந்தரவல்லி பாஸாகவேண்டும் என்று சுந்தரவல்லியைவிட அதிகமாக நினைத்தவள் பேச்சியம்மாள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவளைத் திட்டுகிறவர்கள் மறந்துவிடக்கூடாது.

*

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் பேச்சியம்மாளுக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. கிராம்பை வைத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தாள், கேட்கவில்லை. நீரஜாவின் அப்பாவிடமே போனாள். மந்தைவெளியில் மாடியில் அவர் ஆஸ்பத்திரி. கீழே வெற்றிலைக் கடை.

ஸ்ரீனிவாசராகவன் வாய் ஓயாத மனுஷர். அடுத்தவர்கள் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தான் பேசுகிற தொழில், கேட்கவேண்டுமா?

"வாங்கோ வாங்கோ. சுந்தரவல்லியோட அம்மாதானே? எங்க நீரஜா ஆத்துல சதா அவ பேச்சுத்தான். கை நன்னா ஓடறதாமே? சோப்பிலே பல் பண்ணிக் காமிச்சாளாம். இவ பண்ணினா கொழுக்கட்டை மாதிரி வருது. பாத்திரக் கடையிலேர்ந்து பல்லுக்கா! பேஷ்!"

பேச்சியம்மாள் நாற்காலியில் சாய்ந்தாள். நெஞ்சுக்குள் இருந்ததைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இந்த ஆள் டாக்டர். இவருக்குத் தெரியாமலா?

"டாக்டரய்யா, ஒண்ணு கேக்கணும். அந்தப் பரீட்சையில இடது கையால செதுக்கினா ஒத்துக்கிடுவாங்களா?"

"இடது கையா!" ஸ்ரீனிவாசராகவன் ஊசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாசமாப் போச்சு. இங்க பாருங்கோ, இந்த நாற்காலி, இந்த லைட்டு, துப்பற தொட்டி, எல்லாம் நான் வலது பக்கம் நின்னுண்டு பண்றதுக்குத்தான் வச்சிருக்கு. அலம்பற கையைக் கொண்டுபோய் வாய்க்குள்ள விட்டா எந்த மாமி வாயைத் திறப்பா? பரீட்சை ஹால்லயே பார்த்துட்டு, அம்மாடி நீ கிளம்புன்னுடுவா!"

பக்கத்தில் தட்டு ஏந்தி நின்ற கம்பவுண்டர் நாகராஜும் சிரித்தான். முதலாளி சிரித்தால் அவனும் சிரிக்கவேண்டும், அவன் வேலை அது.

"எதுக்குக் கேக்கறேள்?"

பேச்சியம்மாள் பதில் சொல்வதற்குள், "வாயைத் திறங்கோ" என்றார். திறந்தாள். மரத்துப்போன தாடையில் அவர் குறடு போட்டுத் திருகுகிறபோது அவள் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை. இடது கை கன்னத்தை விலக்கிப் பிடிப்பதோடு சரி. பல் வந்துவிட்டது. வாயில் பஞ்சை அடைத்து அனுப்பினார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவளுக்குப் பல் போன இடம் நினைவில்லை.

பஞ்சைத் துப்பினதும் முதல் பேச்சு அதுதான்.

"ஏட்டி, நாளையிலருந்து வலது கையாலதான் செதுக்கணும். டாக்டர் சொல்லிட்டாரு. இடது கையக் கண்டா வெளிய அனுப்பிருவாங்களாம்."

"யாரு, நீரஜா அப்பாவா? அவரு சும்மா கிண்டல் பண்ணியிருப்பாரும்மா."

"படிச்ச டாக்டரு எங்கிட்ட எதுக்குக் கிண்டல் பண்ணுதாரு? நான் என்ன அவருக்குக் கொழுந்தியாளா?"

"அனுப்பிச்ச தாள்ல அப்பிடி ஒண்ணும் போடலம்மா. பல்லு சரியா இருக்கான்னுதான் பாப்பாங்க. எந்தக் கைன்னு பல்லுல எழுதியா இருக்கும்?"

"பாக்காம இருப்பானாட்டி? சுத்திச் சுத்தி வருவான். நாளைக்கு ஒருத்தி வாயில நீ அந்தக் கைய விட்டா அவ விடுவாளா? நானே விடமாட்டேனே!"

வெள்ளைத்துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கருவாட்டுக் குழம்பில் சோற்றை உருட்டியபடி, "உங்கம்மை சொல்லுதது நெசம். உன் கையால நானே தண்ணி வாங்கிக் குடிக்க யோசிக்கேன்" என்றார்.

"பேர் வெட்டுறதுக்கு மட்டும் யோசிக்க மாட்டீங்களோ?" என்றாள் சுந்தரவல்லி.

அவர் எச்சில் கையோடு எழுந்து அவள் கன்னத்தில் ஒன்று கொடுத்தார். திரும்பி உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று பேச்சியம்மாளிடம் சொன்னார்.

மறுநாளிலிருந்து வலது கை. பேச்சியம்மாள் எதிரிலேயே உட்கார்ந்துவிடுவாள், புளியங்கொட்டையைத் தட்டிக்கொண்டு. கத்தி நழுவும், சோப்பு உடையும். ஜன்னல் விளிம்பில் புதிதாக வந்த பற்கள் இஞ்சித் துண்டு மாதிரியும் நண்டுக் கால் மாதிரியும் இருந்தன. சுந்தரவல்லி ஒன்றை உடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். கழுத்தில் வேர்வை ஓடும். கத்திரி வெயில். மின்விசிறி போட்டால் தூள் பறக்கும் என்று அதையும் போடுவதில்லை.

"வருதா?"

"வருது."

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்பாள் பேச்சியம்மாள். இல்லை என்று அவளுக்கும் தெரியும். சாப்பாட்டுக்கும் இப்படித்தான் மல்லுக்கட்டினாள், வந்துவிடவில்லையா? இதுவும் வரும். வந்தே ஆகவேண்டும்.

*

பரீட்சை அன்றைக்குக் காலையில் சுந்தரவல்லி தலைக்குக் குளித்துப் பாவாடை தாவணியில் அடுப்படிக்கு வந்து நின்றாள். பேச்சியம்மாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத்துரை கடை திறக்கப் போயாகிவிட்டது. மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை.

"அம்மா, உங்கிட்டப் பொய் சொல்லிட்டுப் போக எனக்கு மனசில்ல."

"என்னட்டி?"

"மத்தியானம் நான் இடது கையாலதான் செதுக்கப் போறேன். வலது கையால செஞ்சா கண்டிப்பா போயிரும். இடது கையால செஞ்சா வெளிய அனுப்பினாலும் அனுப்புவாங்க, அனுப்பாமலும் இருப்பாங்க. அனுப்பினா என் தலையெழுத்து. நீ ஆசீர்வாதம் பண்ணு."

குனிந்து காலைத் தொட்டாள்.

பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். சுந்தரவல்லியைச் சின்ன வயசிலிருந்து எல்லாவற்றுக்கும் அடித்து வளர்த்தார்கள், உண்மை பேசினால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பேச்சியம்மாளின் கண்ணில் கிணறு தெரிந்தது. இடுப்புக்கு மேல் நிற்கும் சுவரும், அதற்குள்ளே இருந்து தூக்கிக் கட்டிலில் போட்டிருந்த அந்தப் பெண்ணின் ஊதிப்போன பாதங்களும் தெரிந்தன. இந்தக் கழுதை தானாகப் போய் அதில் விழப் பார்க்கிறதே என்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் கட்டியும் அடித்தும் மிளகாய் தடவியும் போகாத சனியன், இன்றைக்கு ஒரு நாள் சும்மா கிடக்கக்கூடாதா? அந்தக் கையில் கத்தியை எடுக்கப் போகும்போது சுரீர் என்று ஒரு ஞாபகம் வந்தால் போதும். இன்று ஒரு நாளைக்கு.

தோசைக் கரண்டி கல்லின் மேலேயே கிடந்தது. காலைப் பிடித்திருந்த மகளின் இடது கையை எடுத்து, உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதைமேட்டில் கரண்டியை வைத்தாள். அதிகமாகச் சுடவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. சுடுகிறவர்கள் யாரும் அதிகமாகச் சுட நினைப்பதில்லை.

சுந்தரவல்லி கத்தவில்லை. ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். பிறகு தரையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்லில் கிடந்த தோசை கருகி வாடை வந்தது.

"உன் நல்லதுக்குத்தாண்டி. உன் நல்லதுக்குத்தான், என் ராசாத்தி" என்று பேச்சியம்மாள் ஓடிப்போய்ப் பேனா மைப் புட்டியை எடுத்து வந்து அந்த இடத்தில் கவிழ்த்தாள். சூட்டுக் காயத்துக்கு மைதான் ஊற்றுவார்கள். ஊதி ஊதிக் காயவைத்தாள். கல்லைக் கழுவிப் புதிதாக ஒரு தோசை வார்த்து, தன் கையாலேயே ஊட்டினாள். சுந்தரவல்லி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். பசியோடு எழுதமுடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கபாலியின் ஆட்டோ வந்து நின்றது. கடைப் பாத்திரம் ஏற்றுகிறவன்.

"இன்னாம்மா, பாப்பா எய்தப் போறதுக்கு மின்னாடியே கையெல்லாம் மசி ஆக்கிகினு கீது? எல்லாத்தியும் கையில எய்திகினியா பாப்பா? மாட்டிகினா பேஜாராப் பூடும்!"

"நீ வண்டிய எடு" என்றாள் பேச்சியம்மாள்.

"எடுக்கறேம்மா, எடுக்கறேன். அடையாறு தானே? ஜல்தியாப் பூடலாம். பல்லு டாக்டரு ஆனப்பறம் நம்ம பல்லையும் கொஞ்சம் பாத்துடு பாப்பா. இந்தப் பக்கம் மூணு காலி, வெத்தலை போட்டா அந்தாண்ட எகிறுது."

ஆட்டோவில் சுந்தரவல்லி இடது கையை வெளியே காற்றில் நீட்டிக்கொண்டு வந்தாள். பாலத்தின் மேல் ஆற்று நாற்றம் குப்பென்று அடித்தது. தண்ணீர் வற்றிக் கறுப்புச் சேறு வெயிலில் வெடித்துக் கிடந்தது. பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். சுந்தரவல்லி மூடவில்லை.

*

பள்ளிக்கூட வாசலில் தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் பெற்றவர்கள் கூட்டம். நீரஜாவின் அம்மா ஜெயலக்ஷ்மி மாமி பிளாஸ்க்கும் கூடையுமாக ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாளையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஓரமாகத்தான். ஜமக்காளம் என்னவோ அகலமாகத்தான் இருந்தது.

மத்தியானம் மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சுந்தரவல்லி வந்து தயிர்ச் சாதத்தைச் சாப்பிட்டாள்.

"எப்பிடிட்டி?"

"எல்லாம் தெரிஞ்சதுதான். ஒண்ணு ரெண்டு சந்தேகம்."

பேச்சியம்மாளுக்கு உடம்பு லேசாகிவிட்டது. "முருகா" என்றாள். "இனி செதுக்கிட்டேன்னா முடிஞ்சுது. பதறாமச் செய்யி. கை எப்பிடி இருக்கு, காட்டு."

சுந்தரவல்லி காட்டவில்லை. மையின் அடியில் கொப்புளம் கிளம்பி விரலை மடக்க முடியாமல் தாவணித் தலைப்பால் மூடி வைத்திருந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போனாள்.

வெயில் மரத்தைச் சுற்றி நகர்ந்தது. ஜெயலக்ஷ்மி மாமி தன் புருஷனின் சமர்த்தையும், யாரோ ஒரு பெரிய மனிதர் பல் செட்டை முழுங்கிவிட்டு வந்த கதையையும் சொன்னாள். பேச்சியம்மாள் காதில் ஒன்றும் ஏறவில்லை. வலது கை, வலது கை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் நீரஜாதான் வெளியே வந்தாள். ஓடி வந்தாள்.

"அம்மா, என் பல்லு பாதி சரியா வந்துடுத்து! ஆனா மாமி, சுந்தரவல்லிக்குக் கையில என்ன?"

"ஏன், என்னாச்சு?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஆரம்பிக்கறச்சேயே கேட்டா மாமி, இடது கைக்காரா யாருன்னு. அவாளுக்கு ஜன்னலண்டை தனி மேஜை, வெளிச்சம் சரியா விழணும்னுட்டு. நாலஞ்சு பேர் எழுந்து போனா. இவளும் சிரிச்சுண்டே எழுந்து போனா. போய்க் கத்தியை எடுத்தா, கீழே விழுந்துடுத்து. மறுபடி எடுத்தா, மறுபடி விழுந்தது. அங்க இருந்த சார் வந்து கையைப் பார்த்துட்டு, என்னம்மா இதுன்னார். சமைக்கறச்சே சுட்டுண்டேன்னு சொல்லிட்டுத் திரும்பி எங்க பக்கமே வந்து உக்காந்துட்டா. அப்புறம் வலது கையால பண்ணினா. கட்டி ரெண்டா உடைஞ்சு போச்சு. வேற கட்டி தரமாட்டாளாம்."

பேச்சியம்மாளின் வாய் திறந்தது. பல் போன பள்ளம் தெரிய அப்படியே நின்றாள்.

"உங்க அப்பா... டாக்டரு எங்கிட்டச் சொன்னாரே. இடது கைன்னா அனுப்பிருவாங்கன்னு..."

"அவரா?" ஜெயலக்ஷ்மி மாமி சிரித்துக்கொண்டே பிளாஸ்க்கை மூடினாள். "அவர் எல்லார்கிட்டயும் ஏதாவது தமாஷ் பண்ணிண்டேதான் இருப்பார். அவர் சொல்றதையெல்லாம் யாராவது நிஜம்னு எடுத்துப்பாளோ? நன்னாருக்கு!"

சுந்தரவல்லி வந்துவிட்டாள். முகத்தில் சுண்ணத் தூள். தாய் முகத்தைப் பார்த்ததும் நீரஜா சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டாள்.   காலி டிபன் கேரியரை எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டு, "ஆட்டோ எங்க?" என்றாள்.

திரும்பும்போது கபாலிதான் பேசிக்கொண்டு வந்தான்.  பாலத்தைத் தாண்டினதும் பேச்சியம்மாள் மகளின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். சுந்தரவல்லி இழுத்துக்கொள்ளவில்லை. கொடுத்தாள். பாத்திரத்தைக் கொடுக்கிற மாதிரி.

*

ஆடி மாசம் முடிகிறபோது கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. தேர்வாகவில்லை. நீரஜாவுக்கும் கிடைக்கவில்லை. அவள் அப்பா வேறு எங்கோ ஆளைப் பார்த்து வேறு ஏதோ படிப்பில் சேர்த்துவிட்டார். வெள்ளைத்துரை கார்டைக் கடையிலேயே படித்துவிட்டு, சாயங்காலம் கல்கண்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

"எந்தக் காரியத்துக்கு எவ பொறந்தாளோ அதத்தான் பாக்கணும். அந்த மூலையில கெடக்குத தூக்குச்சட்டிக்குப் பேர் வெட்டு, முகூர்த்தக்காரன் காத்துக் கெடக்கான்."

அவள் வெட்டினாள். கை ஆறியிருந்தது, ஆனால் தோல் இழுத்துப் பிடித்திருந்தது. உளி அந்தச் சதைமேட்டில் நிற்கவில்லை. எழுத்து கோணிக்கொண்டு போனது. வெள்ளைத்துரை அந்தத் தூக்குச்சட்டியாலேயே அவள் முதுகில் அடித்தார். பிறகு பேர் வெட்ட ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கவேண்டி வந்தது. அந்தச் செலவுக்காகவும் அவளை அடிக்கவேண்டியிருந்தது.

பேச்சியம்மாள் இந்த நாட்களில் மகளிடம் அதிகம் பேசவில்லை. தலைவாரிவிட்டாள், பிடித்ததைச் சமைத்துப் போட்டாள். ஒரு நாள் மட்டும், "நான் உனக்கு நல்லதுதான் நெனச்சேன்" என்று ஆரம்பித்தாள். சுந்தரவல்லி, "தெரியும்மா" என்றாள். 

ஆவணியில் கருணாகரன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். கருணாகரன் வரவில்லை, கடையில் கூட்டமாம். அவன் அம்மா தங்கபுஷ்பம் வந்தாள். காதில் கழுத்தில் இல்லாத நகை இல்லை. நாற்காலி அவளுக்குப் போதவில்லை.

"பிள்ளைய வரச் சொல்லுங்க."

சுந்தரவல்லி தட்டோடு வந்து நின்றாள். தங்கபுஷ்பம் பலகாரத்தைத் தொடவில்லை. பிள்ளையின் கையைத்தான் பிடித்தாள். சந்தையில் கத்திரிக்காயைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் பார்த்தாள். வலது கை முடிந்து இடது கைக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இது என்ன தழும்பு? சூடுல்லா?"

வெள்ளைத்துரை வாயைத் திறந்தார். "அது ஒண்ணுமில்ல மயினி, எண்ண தெறிச்சு..."

"எண்ணெய் இல்ல அத்தை" என்றாள் சுந்தரவல்லி. அந்த அறையில் அவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "எனக்குப் பீச்சாங்கைப் பழக்கம். இன்னும் போகல. அதுக்காக எங்கம்மா கரண்டியக் காச்சி வச்சாங்க."

வெள்ளைத்துரையின் முகம் வெளுத்தது. பேச்சியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் பயந்தாள். அடுத்த நிமிஷம் அவளுக்குப் பிள்ளையின் கணக்கு புரிந்தது. புரிந்ததும் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டாள்: எழுந்து போகட்டும், இந்தப் பொம்பளை எழுந்து போகட்டும்.

தங்கபுஷ்பம் எழவில்லை. கையை விடாமலே பேச்சியம்மாளை ஏறிட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களா வச்சீய?"

பேச்சியம்மாள் தலையை ஆட்டினாள். ஆமென்றா இல்லையென்றா, அவளுக்கே தெரியாது.

"அப்பிடில்லா வளக்கணும்! இப்பத்தெப் பிள்ளையளப் பெத்தவ எவளுக்கு இந்தத் திராணி இருக்கு? மொதல்ல வந்தவளப் பெத்தவ செல்லங் குடுத்தா. ஒரு சொல்லு பொறுக்கமாட்டா, உடனே கெணத்தப் பாத்து நடப்பா." தங்கபுஷ்பம் முறுக்கை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "பழக்கம் போகலன்னா என்ன? எங்கிட்ட வந்தா போயிரும். அண்ணாச்சி, இன்னொரு எடம் நாங்க பாக்கல. வார முகூர்த்தத்துல வச்சுக்கிடுவோம்."

"மயினி சொன்னாச் சரிதான்" என்றார் வெள்ளைத்துரை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பெண்டாட்டியை ஒரு மரியாதையோடு பார்த்தார். "ஏளா, காப்பி கொண்டா. சீனி கூடப் போட்டு."

பேச்சியம்மாள் அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே சுந்தரவல்லியும் வந்தாள். பால் பொங்கி வந்தது. இறக்க யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் வழிந்து அடுப்பை அணைத்தது.

"அம்மா."

பேச்சியம்மாள் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வலது கையையும் நீ சுட்டிருந்தேன்னா இன்னும் பெரிய எடமா வந்திருக்கும்மா."

கூடத்தில் தங்கபுஷ்பம் எதற்கோ சிரித்தாள். வெள்ளைத்துரையும் கூடச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"மெள்ளப் பேசுட்டி" என்றாள் பேச்சியம்மாள். "அவியளுக்குக் கேட்டுரும்."

காப்பியை ஆற்றத் தொடங்கினாள்.